கறுத்துப்போன வெள்ளை

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். என் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை அந்த உபதேசமெல்லாம் நோயாளிகளுக்கு மட்டும்தானா? போனில் கேட்டால் 'உம்', 'சரி', 'அப்புறம்' என்ற மூன்றுக்கு மேல் உன் வாயிலிருந்து எதுவும் பெயராது. காகிதத்தில்தான் நீ மனுஷன். நீ ஜெயில் ஆஸ்பத்திரிக்கு மாற்றலானதை அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. 'அரசாங்க ஆஸ்பத்திரி' என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய் இல்லையே.

இப்போது விஷயம். போன வாரம் அருங்காட்சியகத்தில் என் மேஜைக்கு ஒரு நீர்வண்ண ஓவியம் வந்தது. இருநூறு வருஷத்துக்குக் குறையாது. ஒரு முழ அகலம். வரைந்தவர் கையெழுத்து இல்லை. ஒரு சதுக்கத்தில் ஒருவனைத் தூக்கில் போடப்போகிறார்கள். ஊரே கூடி நின்று வேடிக்கை பார்க்கிறது. எண்ணிப் பார்த்தேன், நூற்று எண்பத்துமூன்று தலை. தலை எண்ணுவதற்கும் ஒரு உத்தியோகமா என்று உன் அத்தான் கேட்கிறார். ஜூன் மாதக் கண்காட்சிக்குள் அழுக்கு நீக்கி, கிழிசலை ஒட்டிக் கொடுக்கவேண்டும்.

எங்கள் காப்பாளரை, அதான் நாம் பூதக்கண்ணாடி என்று பேர் வைத்தவரை, உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இந்தப் படத்தைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் கட்டுரை எழுதி வைத்திருக்கிறார். சதுக்கத்தைச் சுற்றி எல்லா மாடிகளிலும் கறுப்புத் துணி தொங்குகிறது. தூக்கை எதிர்த்து ஊர் துக்கம் காட்டியதாம். மேடைப் படிக்குக் கீழே கறுப்பு முகமூடியுடன் ஒருவன் நிற்கிறான். அவன்தான் தூக்குப் போடுபவனாம். கண்காட்சிச் சுவரொட்டியில் அவன் முகம்தான் வரப்போகிறது.

எனக்கென்னவோ ஒன்று உறுத்துகிறது. மேடைக்குப் பக்கத்தில் மூன்று வாத்துகள் மேய்கின்றன. அவையும் கறுப்பு. வாத்துமா துக்கம் கொண்டாடும்? படத்தின் போட்டோ இணைத்திருக்கிறேன். டாக்டர் கண்ணால் பார்த்துச் சொல்.

உன் பதிலை எதிர்பார்க்கும்
அக்கா

---

பிப்ரவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், சத்தியமாக. உன் முழங்காலுக்கு நான் சொன்ன பயிற்சியை நீ செய்யவில்லை என்பது இங்கிருந்தே தெரிகிறது. அம்மாவுக்கு இரத்த அழுத்தம் எவ்வளவு என்று அடுத்த கடிதத்தில் எழுது.

என் வார்டில் பன்னிரண்டு கட்டில்கள். ஜன்னல்கள் உயரத்தில் இருப்பதால் வெளிச்சம் சுவரில் மட்டும்தான் விழும். கடைசியில் ஒரு தனி அறை. அதில் போன வாரம் ஒரு தையல்காரர் வந்து சேர்ந்தார். நிமோனியா, இரண்டு நுரையீரலிலும். அறைக்குள்ளே ஒரு காவலர், வாசலில் ஒரு காவலர். நான் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, மூச்சு முட்டுகிற அந்த மனுஷன் நான் போட்டிருந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு வலது தோள் ஒரு விரல் இறக்கம் டாக்டர். இத தைச்சவர் உங்களை நேர்ல பாத்ததே இல்ல போல" என்றார். கண்ணாடியில் பார்த்தேன். உண்மைதான்! முப்பத்தெட்டு வருஷமாக எனக்குத் தெரியாது.

போட்டோவை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முகமூடிக்காரனிடம் ஒரு சந்தேகம். முகமூடி என்றால் அவன் ஏன் அதைக் கையால் பிடித்துக்கொண்டிருக்கிறான்? மாஸ்க் கட்டியவன் அதைத் தொடமாட்டான். தினமும் மாஸ்க் கட்டுகிறவன் சொல்கிறேன். இன்னொரு கை வயிற்றருகே எதையோ ஏந்தியிருக்கிறது. அது என்ன?

அத்தானுக்கு என் அன்பு.

தம்பி

---

பிப்ரவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு யாவரும் நலம். அம்மாவுக்கு 140, கீழே 90. உப்பைக் குறைக்கச் சொன்னால் என்னை ஜெயிலர் என்கிறாள். நல்லவேளை, நீ இருக்கும் இடம் அவளுக்குத் தெரியாது.

உன் வலது தோள் விஷயம் எனக்குப் பத்து வயதிலிருந்தே தெரியும். பள்ளிக்கூடப் பையை ஒரே பக்கம் மாட்டித் திரிந்தால் வேறென்ன ஆகும்? தையல்காரருக்கு என் வணக்கம் சொல். பிழைத்துவிடுவார்தானே?

நீ கேட்டது பிடித்துக்கொண்டது. நுண்ணோக்கியில் வைத்து ஒரு பகல் முழுக்கப் பார்த்தேன். அவன் விரல்கள் துணிமேலேதான் இருக்கின்றன. மற்றக் கையில் ஒரு புள்ளி மஞ்சள் வண்ணம், அதிலிருந்து சட்டைப் பொத்தான் வரைக்கும் மயிரிழை போல ஒரு கோடு. கடிகாரம்! சங்கிலியோடு கூடிய கடிகாரம். பூதக்கண்ணாடியிடம் சொன்னேன். 'தூக்குப் போடுபவனுக்கும் நேரம் தெரியவேண்டாமா' என்று சப்பைக்கட்டு கட்டுகிறார்.

இன்னொரு வேடிக்கை. ஒரு பெண் கைக்குழந்தையைக் கறுப்புத் துணியில் சுற்றி வைத்திருக்கிறாள். ஊரோடு சேர்ந்து பச்சைக் குழந்தையும் துக்கம் காட்டுகிறதா? கட்டுரையில் இதற்கு எந்தப் பக்கத்திலும் விளக்கம் இல்லை.

உடனே எழுது. உன் யோசனைகள் எனக்குப் பசியைக் கிளப்புகின்றன.

அக்கா

---

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. இங்கே வெயில் ஏறத் தொடங்கிவிட்டது.

உன் முகமூடிக்காரர் தூக்குப் போடுபவர் இல்லை. டாக்டர்.

டாக்டர் அங்கே நின்றே ஆகவேண்டும். ஆள் விழுந்த நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக் குறித்துக்கொள்வார். உடனே கிட்டே போகமாட்டார். அரைமணி நேரம் காத்திருக்கவேண்டும். பிறகுதான் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பார், நெஞ்சில் காது வைப்பார். அவர் 'ஆயிற்று' என்று சொன்ன பிறகுதான் கயிற்றை அவிழ்ப்பார்கள். சொல்லவில்லை என்றால் அவிழ்க்கக்கூடாது. இது எழுத்தில் உள்ள விதி. நூற்று எண்பத்துமூன்று பேரும் மேடையைப் பார்க்கிறார்கள். அவர் ஒருவர்தான் கடிகாரத்தைப் பார்க்கிறார், கவனித்தாயா?

தையல்காரருக்குக் காய்ச்சல் விட்டது. முதல் வாரத்தில் நாலு நாள் நான் வீட்டுக்கே போகவில்லை. இப்போது எழுந்து உட்காருகிறார், கஞ்சி இறங்குகிறது, இடது பக்கம் சத்தம் தெளிந்துவிட்டது. வலது பக்கமும் தெளிந்துவிடும் போலிருக்கிறது. அவர் கையில் தையல் ஊசி கொடுக்க இங்கே அனுமதி இல்லை என்பதால், என் கம்பவுண்டரைப் பக்கத்தில் உட்காரவைத்து வாயால் சொல்லிச் சொல்லியே என் கோட்டின் தோளைப் பிரித்துத் தைக்கவைத்தார். இப்போது கச்சிதமாக இருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை.

தம்பி

---

மார்ச் 10

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலம். ஓடிவந்து எழுதுகிறேன். கண்டுபிடித்துவிட்டேன்!

ஓவியத்தைச் சுற்றிப் பழைய அட்டைச் சட்டம் ஒன்று ஒட்டியிருந்தது. அதை நேற்று பிரித்தேன். ஓரத்து வீட்டு மாடியில் ஒரு பெரிய கறுப்புத் துணி தொங்குகிறதல்லவா? அட்டைக்கு வெளியே இருந்த பாதி கறுப்பு. அட்டைக்கு அடியில் மறைந்திருந்த பாதி தூய வெள்ளை. நடுவில் ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல ஒரு கோடு. ஒரே துணி.

அது ஈய வெள்ளை, தம்பி. அந்தக் காலத்து வெள்ளை வண்ணத்தில் ஈயம் உண்டு. பல வருஷம் நிலக்கரிப் புகை பட்டால் கறுத்துப்போகும். படத்தில் எதெல்லாம் கறுப்போ அதெல்லாம் வெள்ளையாக இருந்தது. வாத்து வெள்ளை. குழந்தையின் துணி வெள்ளை. மாடிகளில் தொங்குவது துக்கமும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. துவைத்துக் காயப்போட்ட படுக்கை விரிப்புகள்! தூக்குப் போட்ட அன்று ஊரில் துணி துவைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு பக்கக் கட்டுரை அம்போ.

இதற்கு மருந்து உண்டு. ஒரு திரவத்தைத் தூரிகை நுனியால் தொட்டு வைத்தால் வெள்ளை திரும்பும். பூதக்கண்ணாடியைப் பக்கத்தில் நிற்கவைத்தே உன் டாக்டரின் முகத்தில் தொட்டேன். இரண்டு நிமிஷத்தில் முகமூடி வெளுத்தது. கைக்குட்டை! மூக்கிலும் வாயிலும் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு நிற்கிறார். "அழறார் சார்" என்று கத்திவிட்டேன். காப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சுவரொட்டி போன துக்கம்.

இதை உனக்குத்தான் முதலில் சொல்லவேண்டும் என்று தோன்றியது. ஆனால் ஒன்று கேட்கவேண்டும். சாகக் கிடந்த மனுஷனைப் பிழைக்க வைத்திருக்கிறாய். உன் கடிதத்தைப் படித்தால் யாரோ போய்விட்டது போல இருக்கிறது. ஏன்?

அக்கா

---

ஏப்ரல் 6

தம்பி,

நாலு வாரமாகப் பதில் இல்லை. போனையும் எடுப்பதில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அம்மா தினமும் தபால்காரரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

நேற்று உன் இரண்டு கடிதங்களையும் எடுத்து வைத்துப் படித்தேன். மக்குப் பெண், அப்போதே பார்த்திருக்கவேண்டும். ஓவியத்தில் ஒரு மில்லிமீட்டர் கடிகாரச் சங்கிலியைப் பார்க்கத் தெரிந்தவளுக்குத் தம்பி எழுதிய வரியைப் படிக்கத் தெரியவில்லை. காய்ச்சல்காரருக்கு எதற்கு உள்ளே ஒரு காவலர், வெளியே ஒரு காவலர்? தையல்காரர் கையில் ஊசி ஏன் தரக்கூடாது? தூக்கு மேடையில் டாக்டர் எத்தனை நிமிஷம் நிற்கவேண்டும் என்ற விதியை நீ எதற்காகப் படித்தாய்?

தலையைச் சுற்றி மூக்கைத் தொடாமல் கேட்கிறேன். தையல்காரர் குணமானால் அவரை என்ன செய்வார்கள்?

அக்கா

---

ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. அம்மாவிடம் வேலை அதிகம் என்று சொல்.

தூக்கில் போடுவார்கள்.

அவருக்குத் தீர்ப்பாகி, மேல்முறையீடு எல்லாம் முடிந்து, தேதி குறித்திருந்தபோது காய்ச்சல் வந்தது. நோயாளியைத் தூக்கில் போடக்கூடாது என்பது விதி. அதனால் என்னிடம் அனுப்பினார்கள். ஒரு கொலை. செய்தவர் அவர்தான். அவர் அதை மறுக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

நாலு ராத்திரி அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தபோது இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன். மூச்சுத் திணறுகிற ஆளைப் பார்த்துக்கொண்டு எப்படி அக்கா சும்மா இருப்பது? இப்போது ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு தாள் வருகிறது. 'கைதி குணமடைந்துவிட்டாரா?' மார்ச் பாதியிலேயே குணமாகிவிட்டார். நான் நாலு வாரமாக 'இன்னும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். பதினைந்து வருஷ உத்தியோகத்தில் ஒரு பொய் எழுதியதில்லை. ஜெயில் சூப்பிரண்டுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வேறு டாக்டரைக் கூப்பிட்டுப் பார்க்கப்போவதாகச் சொல்கிறார். எவ்வளவு நாள் இழுக்கமுடியும் என்று தெரியவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். அந்த டாக்டர் நிஜமாகவே அழுகிறாரா? நாற்றத்துக்காகவும் மூக்கைப் பொத்தியிருக்கலாம். ஜலதோஷமாகவும் இருக்கலாம். நன்றாகப் பார்த்துச் சொல், அக்கா. எனக்குத் தெரிந்தாகவேண்டும்.

தம்பி

---

ஏப்ரல் 19

என் அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தேன். அழுதேன். அதற்குமேல் அதைப் பற்றி எழுதினால் திரும்பவும் அழுவேன்.

நீ கேட்டதற்காக இரண்டு நாள் அந்த முகத்தையே பார்த்தேன். எத்தனை மடங்கு பெரிதாக்க முடியுமோ அத்தனையும் பெரிதாக்கினேன். கண்கள் இரண்டு பழுப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு கடுகில் கால் பங்கு. புருவம் இல்லை. கைக்குட்டைக்குக் கீழே பென்சில் கோடுகூட இல்லை. வரைந்தவர் வாயை வரையவே இல்லை.

அழுகிறாரா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் கத்தியது என் அவசரம். அதை நம்பி 'அழும் மருத்துவர்' என்று பூதக்கண்ணாடி புதுச் சுவரொட்டியே எழுதிவிட்டார். தப்பு என்று சொல்லிச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறேன். உனக்கும் 'ஆமாம், அழுகிறார்' என்று எழுதிவிடலாம், உனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். முடியவில்லை.

நீ பொய் எழுதுவது எனக்குப் பிடித்திருக்கிறது. எனக்கு அது பிடித்திருப்பதுதான் பயமாக இருக்கிறது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த நாலு வாரமாக நீ என்ன எழுதுகிறாய் என்று அவருக்குத் தெரியுமா? அவரிடம் கேட்டாயா?

லீவு போட்டுவிட்டு வந்துவிடேன். உன் அறை அப்படியே இருக்கிறது.

அக்கா

---

ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவுக்கு மாத்திரையை மாற்றவேண்டாம், நான் வந்து பார்க்கிறேன்.

கேட்கவில்லை, அக்கா. ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. அவருக்கு நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில், அவருக்குத் தெரியக்கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். உன் கடிதம் வந்த அன்றே போய்க் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கஞ்சித் தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "திங்கக்கிழமை காலையில தாள் வருதுன்னு காவலர் சொல்லிட்டாரு. நீங்க என்ன எழுதுனீங்கன்னு யாரும் சொல்லல. கதவு திறக்குறப்பல்லாம் எனக்குத்தான்னு எந்திரிச்சு நிப்பேன். ராத்திரி வரைக்கும் யாரும் வரலேன்னா இந்த வாரம் இல்லன்னு அர்த்தம். கோர்ட்டுல ஒரு தடவதான் டாக்டர் தீர்ப்பு சொன்னாங்க. இங்க வாராவாரம்."

பொய்யை அவருக்காக எழுதினேன் என்றுதானே இருந்தேன்.

என்ன எழுதட்டும் என்று கேட்டேன். அதை அவர் சொல்லமாட்டாராம், அது என் வேலையாம். "என்ன எழுதுனாலும் முதல்ல எங்கிட்ட சொல்லிட்டு எழுதுங்க. அது போதும்" என்றார்.

ஒரு வாரம் யோசித்தேன். நேற்று அறைக்குப் போனேன். "நீங்க குணமாயிட்டீங்க" என்றேன். "தெரியும்" என்றார். அவர் எதிரிலேயே அதை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முன்னால் எழுதியவை பொய் என்றும் சூப்பிரண்டுக்குத் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டேன். என்மேல் விசாரணை வரலாம். அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

நான் செய்தது சரியா என்று நீ எழுதவேண்டாம்.

தம்பி

---

மே 8

அன்புத் தம்பிக்கு,

எழுதமாட்டேன். எனக்கும் தெரியாது.

இங்கே நலம். அம்மா நன்றாகத் தூங்குகிறாள். பூதக்கண்ணாடி இறங்கி வந்துவிட்டார். சுவரொட்டியில் இப்போது 'கைக்குட்டையுடன் மருத்துவர்' என்று மட்டும்தான் இருக்கிறது. நேற்றுப் படத்தைச் சுவரில் மாட்டிப் பார்த்தோம். விரிப்புகள் எல்லாம் வெளுத்த பிறகு அது வேறு படம். வெயில் அடிக்கிற, காற்று வீசுகிற ஒரு சாதாரண நாள். இப்போதுதான் அதைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

தேதி குறித்துவிட்டார்களா? குறித்தால் அதற்கு முன்பே புறப்பட்டு வந்துவிடு. நீதான் நிற்கவேண்டும் என்று இல்லையே, வேறு டாக்டர் வரலாம் அல்லவா? உன் அத்தான் ரயிலடிக்கு வருவார். இந்த ஒன்றை மட்டும் அக்கா சொல்கிறபடி கேள்.

அக்கா

---

மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறேன், இதை நம்பு.

இருபத்தேழாம் தேதி என்று சொல்லிவிட்டார்கள். நீ சொன்னது போலவே லீவுக்கு எழுதினேன். சூப்பிரண்டு உடனே சரி என்றார். பக்கத்து ஊர் டாக்டர் வர ஒப்புக்கொண்டார். இருபத்தைந்தாம் தேதி ரயிலுக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டேன்.

என்ன செய்தாலும் முதலில் சொல்லச் சொன்னாரே என்று, நேற்று அவரிடம் போய், நான் ஊருக்குப் போகிறேன், அன்றைக்கு இருக்கமாட்டேன் என்றேன். "போய்ட்டு வாங்க டாக்டர். வீட்ல எல்லாரும் காத்திருப்பாங்க" என்றார். அக்கா என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டார். பழைய படங்களைச் சரிசெய்கிறவள் என்றேன். கிழிந்த காகிதத்தை எப்படி ஒட்டுவாள், தையல் தெரியாமல் ஒட்ட முடியுமா என்று ரொம்ப நேரம் விசாரித்தார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததை ஊரில் உன்னிடம் கேட்டுவந்து சொல்வதாகச் சொல்லிவிட்டு, அது முடியாதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

எழுந்து வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"முடிஞ்சப்புறம் கையப் புடிச்சுப் பாப்பாங்களாமே. அது தெரிஞ்சவங்க கையா இருந்தா பரவால்ல" என்றார்.

டிக்கெட்டை இருபத்தெட்டாம் தேதிக்கு மாற்றிக்கொண்டேன். அம்மாவிடம் வேலை என்று சொல்.

தம்பி